முகத்துக்கு முன் உடலைப் பாருங்கள்: சண்டைக் கலைஞர் உருவங்கள் சேர்க்கும் தம்பிக்கு

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் வேலை செய்கிறார். மாதமொரு முறை வீட்டுக்கு வருகிறார். மஞ்சள் உடை அணிந்த புரூஸ் லீயின் பன்னிரண்டு அங்குல உருவம் ஒன்றை வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறார். எதை வாங்குவது, போலியை எப்படிக் கண்டுகொள்வது, எங்கள் ஊர் ஈரத்தில் அது தாக்குப்பிடிக்குமா என்பவை அவருடைய கேள்விகள். "இவ்வளவு காசுக்குப் பொம்மையா?" என்று அம்மா கேட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தம்பி, முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். விளம்பரப் படங்கள் முகத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும். தோலின் துளைகள் தெரிகின்றன, புருவ மயிர் தெரிகிறது என்று எல்லோரும் வியப்பார்கள். நீங்கள் வாங்கப்போவதோ ஒரு சண்டைக் கலைஞரின் உருவம். அவர் யார் என்பதை அவர் நிற்கும் நிலையே முதலில் சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து நிழலாகப் பார்த்தாலும் புரூஸ் லீயை நாம் அடையாளம் கண்டுகொள்வது அதனால்தான். காலைத் தூக்க முடியாத புரூஸ் லீ, முகம் எவ்வளவு அச்சாக அமைந்திருந்தாலும், நம் மனதிலுள்ள புரூஸ் லீ ஆக மாட்டார்.

எனவே வாங்கும் முன் மதிப்புரைக் காணொளிகளில் மூட்டுகளைப் பாருங்கள். தொடை இடுப்பு மட்டத்துக்கு மேலே எழுகிறதா? இரண்டு முஷ்டிகளும் நெஞ்சுக்கு நேரே, உடலின் நடுக்கோட்டில் வந்து சேர்கின்றனவா? கால்களை அகற்றி வைக்கும்போது உள்ளங்கால் தரையில் முழுதாகப் படிகிறதா? உதை முதலாவதைப் பொறுத்தது. நல்ல உடல்களில் இடுப்பு மூட்டைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டுத் தொடையை உயர்த்தலாம். அந்த வசதி இல்லாவிட்டால் பக்கவாட்டு உதை பாதி உயரத்தில் நின்றுவிடும். காவல் நிலை இரண்டாவதைப் பொறுத்தது. மார்புத் தசையைத் தடிப்பாக வார்த்த உடல்களில் தோள் உள்நோக்கி வராது, கைகள் மார்பின் இருபுறமும் விறைத்து நிற்கும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. கணுக்கால் பக்கவாட்டில் சாயாவிட்டால் உருவம் பாதத்தின் விளிம்பில் நிற்கும். இரவில் யாராவது கதவைச் சாத்தினால் விழும். விழுகிற உருவத்தில் முதலில் ஒடிவது மணிக்கட்டுக்குள் இருக்கும் சிறிய முளை. அதுபோன்ற ஒன்றைத் தனியாக வாங்கித் தருவிப்பது இங்கே பெரும் பாடு.

முழங்கையிலும் முழங்காலிலும் இரட்டை மூட்டு இருக்க வேண்டும் என்பதை இந்த விலைக்கு எல்லோரும் செய்துவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த விஷயத்தில் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1964இல் அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற பன்னிரண்டு அங்குலப் படைவீரனை வெளியிட்டது. 'அக்ஷன் பிகர்' என்ற பெயரே அதிலிருந்துதான் பரவியது. புரூஸ் லீ இறந்த மறு ஆண்டு, 1974இல், குங்ஃபூ மோகம் உச்சத்தில் இருந்த நேரம், அதே வீரனுக்கு 'குங்ஃபூ பிடி' என்று விளம்பரம் செய்து, வளையும் விரல்கள் கொண்ட மென்மையான கைகளைப் பொருத்தினார்கள். சிறுவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த மென்மையான கைகள் காலப்போக்கில் விறைத்து, விரல் விரலாக உதிர்ந்தன. இன்று பழைய ஜி.ஐ. ஜோ சேர்ப்பவர்கள் விரல் முழுதாக உள்ள உருவத்தைத் தேடி அலைகிறார்கள். மென்மையான பொருள் எதுவோ அதுவே முதலில் கெடும் என்பதை இந்தத் துறை தொடங்கிய காலத்திலேயே கற்றுக்கொண்டது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மலைநாட்டுக்கு எந்த உருவம் பொருந்தும் என்று நான் யோசிப்பேன்.

அந்தக் கணக்கில் உங்கள் தெரிவு நல்ல தெரிவு. மஞ்சள் உடை 'கேம் ஒஃப் டெத்' படத்துக்குரியது. 1972இல் அந்தப் படத்தின் கோபுரச் சண்டைகளைப் படமாக்கிக்கொண்டிருந்த லீ, 'என்டர் த டிராகன்' வாய்ப்பு வந்ததும் அதை நிறுத்திவைத்தார். 1973 ஜூலை 20ஆம் திகதி ஹொங்கொங்கில் இறந்தார். எஞ்சியதை வேறு நடிகர்களை வைத்து நிரப்பி 1978இல் வெளியிட்டார்கள். படமாக அது குறைபட்டதுதான். கோபுரத்தில் அவர் உண்மையாகவே சண்டையிடும் பகுதிக்காகத்தான் அந்த உடை நிலைத்துவிட்டது. உருவம் சேர்ப்பவருக்கு அதில் இன்னொரு நன்மை இருக்கிறது. உடை உடலை முழுதாக மூடிவிடுவதால், உள்ளே சாதாரண மூட்டுகள் கொண்ட கடினப் பிளாஸ்டிக் உடல் போதும். 'என்டர் த டிராகன்' இறுதிச் சண்டையின் புரூஸ் லீ அப்படி இல்லை. மேலாடை இல்லாமல், வில்லன் ஹானின் இரும்பு நகங்கள் கிழித்த கீறல்களோடு நிற்கும் உருவத்துக்கு மூட்டுக்கோடு தெரியக்கூடாது என்பதற்காக மார்பையும் கைகளையும் ரப்பர் போன்ற மென்தோலால் மூடுவார்கள். பார்க்க உயிரோடு நிற்பது போலிருக்கும். ஆனால் முழங்கையையும் அக்குளையும் நீண்ட நாள் மடித்து வைத்தால் அங்கேதான் தோல் வெடிக்கும். ஜி.ஐ. ஜோவின் விரல்களுக்கு நேர்ந்தது இங்கே தோளுக்கு நேரும். முதல் உருவமாக அதை வாங்க வேண்டாம். பிறகு வாங்கினால், கைகளைத் தொங்கவிட்ட இயல்பு நிலையில் வைத்து, படம் எடுக்கும்போது மட்டும் சண்டை நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

சண்டைக் கலைஞர்களின் உருவங்கள் மலைநாட்டுக்குப் பொருந்துவதற்குப் பொதுவான காரணமும் ஒன்று உண்டு. இவர்கள் பருத்தியும் துணிச் சப்பாத்தும் அணிகிறவர்கள். இன்று வரும் பெரும்பாலான கதாநாயக உருவங்களுக்குத் தோல் மேலங்கியும் தோல் பட்டியும் இருக்கும். அவை உண்மைத் தோல் இல்லை. துணியின் மேல் பாலியூரிதேன் பூசியவை. காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சைச் சிதைக்கும். சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்து கொட்டிவிடும். உலர்ந்த ஊர்களிலும் அது நடக்கும்; வட்டவளையிலும் நோர்வூட்டிலும் விரைவாக நடக்கும். லீயின் ஆசிரியர் இப் மேனின் நீண்ட அங்கிக்கும், சீனக் குங்ஃபூ நாயகர் வொங் ஃபெய் ஹங்கின் வெள்ளைச் சட்டைக்கும், புரூஸ் லீ 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யில் அணிந்த உடைக்கும் அந்தத் தொல்லை இல்லை. துணியில் பூஞ்சணம் பிடித்தாலும் பெரும்பாலும் துடைத்துவிடலாம். உரிந்த பூச்சை ஒட்டவைக்க வழியே இல்லை.

மஞ்சள் உடையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது இழுபடும் துணி. பக்கவாட்டிலுள்ள கறுப்புக் கோடுகளின் சாயம் ஈரத்தில் மஞ்சளுக்குள் கசியும். எனவே அதை நனைத்துக் கழுவவே கூடாது. மடித்த முழங்காலில் மாதக்கணக்கில் விட்டால் அந்த இடம் தொளதொளத்துவிடும். உடைக்குள்ளே உடலைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் சாயம் பிளாஸ்டிக்கில் இறங்காது.

அளவைப் பற்றி இரண்டு வார்த்தை. பன்னிரண்டு அங்குல உருவங்கள் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. புரூஸ் லீயின் உயரம் ஏறத்தாழ 172 சென்டிமீற்றர். ஆறால் வகுத்தால் 28.7. சந்தையில் தனியாக விற்கும் உடல்கள் பெரும்பாலும் 30 சென்டிமீற்றர், அதாவது ஆறடி மனிதருக்கு உரியவை. அத்தகைய உடலில் லீயின் தலையைப் பொருத்தினால் கழுத்து நீண்டு, தலை சிறுத்து, ஏதோ சரியில்லை என்று தோன்றும். என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியாது. அளவுகோலை வைத்துப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். கோபுரச் சண்டையில் அவருக்கு எதிரே நிற்கும் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபார் 218 சென்டிமீற்றர்; அவருடைய உருவம் 36 சென்டிமீற்றருக்கு மேல் நிற்க வேண்டும். இருவரையும் அருகருகே நிறுத்தும் எண்ணம் இருந்தால் அலுமாரித் தட்டின் உயரத்தை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர்களில் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஹொட் டோய்ஸும் என்டர்பேயும் ஆறில் ஒரு பங்கு அளவில் புரூஸ் லீயைச் சிறப்பாகச் செய்திருக்கின்றன. ஹொட் டோய்ஸின் உயர்தர வரிசையில் கண்மணிகளைத் திருப்பும் அமைப்பு உண்டு. சண்டைக் கலைஞருக்கு அது வீண் அலங்காரம் இல்லை. உதைக்கும் திசையில் பார்வை போகாவிட்டால் நிலை முழுதும் பொய்யாகத் தெரியும். ஜப்பானின் மெடிகொமும் இந்த அளவில் லீயை வெளியிட்டிருக்கிறது. இவற்றில் பல இப்போது தயாரிப்பில் இல்லை. இரண்டாம் கைச் சந்தையில்தான் கிடைக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் பண்டாயின் ஃபிகுவார்ட்ஸ் வரிசையும் ஸ்டோர்ம் நிறுவனத்தின் வரிசையும் இருக்கின்றன. பண்டாயின் லீ ஏறத்தாழ 14 சென்டிமீற்றர். மேலே சொன்ன கணக்குக்குச் சரியாகப் பொருந்தும் உயரம். உடையே பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது, துணி இல்லை. பூஞ்சணம் பிடிக்க இடமும் குறைவு. மூட்டுகளைப் பொறுத்தவரை இந்தச் சிறிய உருவம் பல பெரிய உருவங்களைத் தோற்கடிக்கும் என்பது என் கருத்து. இதைக் கீழே அம்மாவின் கேள்விக்கு வரும்போது மீண்டும் சொல்வேன்.

இனி ஈரம். மலைநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லா இடமும் ஒன்றில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து மேற்குச் சரிவுகளை நனைத்தெடுக்கிறது. அதே மாதங்களில் மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் காற்று ஊவாப் பக்கத்தை உலர்த்துகிறது. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அடிக்கும் காய்ந்த காற்றால்தான் அங்கே வாசனைத் தேயிலைப் பருவம் வருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றின்போது நிலைமை மாறி, பதுளைப் பக்கம் நனையும். ஆகவே உருவத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, உடை மாற்றி, துடைத்து, மீண்டும் அடுக்கும் வேலைகளை உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மூடிய பெட்டிக்குள் அடைபடும் காற்று உலர்ந்த காற்றாக இருக்கும். ஜூன் மாத மழையில் திறந்து மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்கிறீர்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் வீட்டில் இருந்தால் இதை விளக்கவே தேவையில்லை. தேயிலையை ஏறத்தாழ 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, ஈரம் புகாத பையில் உடனே அடைக்கிறார்கள்; திறந்து வைத்தால் ஒரே இரவில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். உருவத்தின் துணியும் பெட்டியின் அட்டையும் அதே போலத்தான்.

சிறிய ஈரமானி ஒன்றை வாங்குங்கள். விலை அதிகமில்லை; கைக்குள் அடங்கும். அலுமாரிக்குள் ஒப்பீட்டு ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நன்று. 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். அதைக் குறைக்கச் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிக் கண்ணாடி அலுமாரியின் மூலைகளில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சின்னஞ்சிறு பொட்டலங்கள் ஓர் அலுமாரிக்குப் போதவே போதாது. நூறு கிராம் கணக்கில் வேண்டும். நிறம் மாறும் மணிகளில் நீலத்தைத் தவிர்த்துச் செம்மஞ்சள் வகையைத் தேடுங்கள். நீலத்தில் இருக்கும் கோபால்ட் குளோரைட் நச்சுத்தன்மை கொண்டது. எந்த வகையானாலும் நிறம் மாறியபின் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். சமைக்கும் சட்டியில் மட்டும் சூடாக்க வேண்டாம், இதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்குங்கள்.

தோட்டத்து வரிசை வீடான லயன் காம்பரா என்றால் இடத்தைத் தெரிவுசெய்வதும் முக்கியம். வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காதீர்கள். சுவர் ஈரத்தை உள்ளே அனுப்பும். நான்கு விரல் இடைவெளி விட்டு, கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துங்கள். தகரக் கூரை விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும் இடமா என்று அண்ணாந்து பாருங்கள். விறகடுப்பு எரியும் பக்கம் ஆகவே ஆகாது. புகையிலுள்ள பிசின் தன்மை முகத்தின் மங்கலான சாயத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தேய்த்தெடுக்கும்போது சாயமும் சேர்ந்து வரும். ஜன்னலோரமும் கூடாது. குளிராக இருப்பதால் எங்கள் ஊர் வெயில் மென்மையானது என்று நினைக்கிறோம். உயரமான இடத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். மஞ்சள் வெளிறுவது அதனால்தான்.

காற்றே புகாமல் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்ல வெளியேறும். காற்றோட்டமே இல்லாத இடத்தில் அது மேற்பரப்பில் தங்கிப் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் அடைத்து வைப்பது சரி. ஆனால் உலர்ந்த நாட்களில் திறந்து மூச்சுவிட விடுங்கள். தொழிற்சாலையில் மணிக்கட்டிலும் கழுத்திலும் சுற்றியனுப்பும் பொலித்தீன் துண்டுகளை எடுத்துவிட்டு, அமிலம் நீக்கிய மெல்லிய வெள்ளைத் தாளால் சுற்றுங்கள். பட்டறி உள்ள உருவமென்றால் அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் பதற வேண்டாம். வீட்டுக்கு வெளியே, இஸ்தோப்பில் வைத்து, மிக மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். கடினப் பிளாஸ்டிக்கை இலேசான சவர்க்கார நீரில் பிழிந்த துணியால் துடைக்கலாம். முகத்தில் மதுசாரம் பட்டால் கண்ணிமையும் உதட்டுச் சாயமும் கரைந்துவிடும். அது மருந்தாகத் தோன்றினாலும் தொடக்கூடாது.

குளிரைப் பற்றி எந்த வெளிநாட்டு மதிப்புரையிலும் போதிய அளவு சொல்லமாட்டார்கள். நமக்கோ அது அன்றாட விஷயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தரையில் உறைபனி விழுவதுண்டு. உங்கள் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் காலைக் குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும். சண்டைக் கலைஞர் உருவங்களுக்கு முஷ்டி, விரித்த கை, நுன்சாக்கு என்ற இரட்டைக் கோல் பிடிக்கும் கை என்று மாற்றுக் கைகள் நிறைய வரும். அந்தக் கைகளைக் குளிர்ந்த நிலையில் அழுத்திச் செருகினால் முளை ஒடியும். தலைமயிர் உலர்த்தியால் சற்றே சூடுகாட்டி, அல்லது கழற்றிய கையை மட்டும் வெந்நீரில் சில விநாடிகள் வைத்துத் துடைத்து, இலகுவானபின் பொருத்துங்கள். மூட்டு இறுக்கமாக இருந்தாலும் இதையே செய்யுங்கள். பலத்தால் எதையும் திருப்ப வேண்டாம்.

நிலையைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதிலே வீண். இணையத்தில் நான் பார்க்கும் படங்களில் பாதிக்கு மேல் புரூஸ் லீயைக் குத்துச்சண்டை வீரரைப் போல இடக்கையை முன்னால் நீட்டி நிறுத்துகிறார்கள். அவர் வலப்பக்கத்தை முன்னால் வைத்தவர். வலிமையான கையும் காலும் எதிரிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது அவர் உருவாக்கிய ஜீட் குன் டோ என்ற சண்டை முறையின் அடிப்படை. பின்காலின் குதிகால் தரையைவிட்டு எழுந்திருக்கும். முழங்கால்கள் இலேசாக மடிந்திருக்கும். முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும். இவ்வளவையும் செய்து பாருங்கள், அதே உருவம் வேறொன்றாக மாறிவிடும். அவருடைய ஆசிரியர் இப் மேனின் உருவத்தை ஒருநாள் வாங்கினால் அங்கே எல்லாமே அடங்கியிருக்கும். முழங்கால்கள் உள்நோக்கி, உடல் நேராக, ஒரு கை நடுக்கோட்டில் முன்னே, மற்றக் கை அதன் பின்னே காவலாக. 1984இல் வந்த 'கராத்தே கிட்' படத்துக் கொக்கு நிலை ஒற்றைக்காலில் நிற்பது. தாங்கி இல்லாமல் அதை நிறுத்த முயலாதீர்கள். உதைக்கும் உருவத்துக்கும் அப்படித்தான். இடுப்பைப் பிடிக்கும் கம்பித் தாங்கியின் கவ்விக்கும் உடைக்கும் இடையில் ஒரு துண்டுத் துணி வையுங்கள்.

போலிகள். உண்மை உருவத்திலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது பொருள் சற்றுச் சுருங்கும். ஆகவே போலித் தலை மூலத்தைவிடச் சிறிது சிறியதாகவும், காது மடல், மூக்கு நுனி போன்ற கூர்மையான இடங்கள் மழுங்கியும் இருக்கும். வாடை கடுமையாக இருக்கும். பெட்டியில் புரூஸ் லீ என்டர்பிரைசஸ் என்ற உரிமை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லீயின் மகள் ஷெனன் லீ நடத்தும் நிறுவனம் அது. 'குங்ஃபூ மாஸ்டர்' போன்ற பெயரோடு, லீயின் பெயரையே சொல்லாமல், அவருடைய முகத்தோடு விற்கப்படுபவை உரிமை பெறாதவை. சில நன்றாகவே செய்யப்பட்டிருக்கும். ஆனால் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேராது, பின்னாளில் விற்கவும் விலை போகாது. நான் வாங்குவதில்லை. இரண்டாம் கையாக வாங்கினால் விற்பவரிடம் பெட்டியின் புகைப்படத்தோடு நிற்காமல், இன்றைய திகதி எழுதிய தாளோடு முழங்கை, அக்குள், மணிக்கட்டு ஆகிய இடங்களின் படங்களைக் கேளுங்கள். அவற்றை அனுப்பத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

இனி காசு. முன்பதிவு செய்து வாங்கும் உருவம் கைக்கு வர ஓராண்டு கூட ஆகலாம்; மீதிப் பணத்தை அன்றைய டொலர் விலையில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாயை எட்டியது நினைவிருக்கும். 40 ஆயிரம் என்று கணக்குப் போட்டவருக்கு அதே உருவம் 72 ஆயிரமாக வந்து நின்றது. அதன்மேல் அனுப்பும் செலவு, சுங்கத் தீர்வை, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரி. தீர்வை வீதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை; பணம் கட்டும் முன் சுங்கத் திணைக்களத்தின் நடப்பு வீதத்தைப் பார்த்துவிடுங்கள். விற்பவரிடம் இரட்டைப் பெட்டியில் பொதி செய்யச் சொல்லுங்கள். உண்மையான விலைச்சிட்டையை வெளிப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொன்னால், பொதி தொலைந்த அன்று அந்தக் குறைந்த தொகையைத்தான் நீங்கள் கேட்க முடியும்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில், டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் 200 டொலர் உருவத்துக்கு, வரியும் அனுப்பும் செலவும் சேர்க்காமலே, நாற்பதுக்கு மேற்பட்ட முழுப்பேர், அதாவது முழுநாள் வேலை, வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்த ஒருவருக்கு அந்தக் கணக்கு மனதில் தானாக ஓடும். அவரிடம் வாதாடாதீர்கள். என் யோசனை இதுதான்: முதலில் பன்னிரண்டில் ஒரு பங்கு உருவம் ஒன்றை வாங்குங்கள். பெரிய உருவத்தோடு ஒப்பிட்டால் செலவு சிறு பங்குதான். ஒரு முழு மழைக்காலம் அதை அலுமாரியில் வைத்து ஈரமானியைக் கவனியுங்கள். உங்கள் வீட்டின் எந்த மூலை உலர்ந்தது, எது ஈரமானது என்பது அதற்குள் தெரிந்துவிடும். நிலைகளை அமைக்கவும் கை பழகும். அதன் பிறகும் மஞ்சள் உடைப் பெரிய உருவம் வேண்டுமென்று தோன்றினால், வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது குறையாத மாதங்களில் மட்டும் சேர்த்து வாங்குங்கள். வாங்கியதன் விலையை அம்மாவிடம் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். காசு செலவில்லாதது. துணைப்பொருள்களை நாமே செய்யலாம், அதற்கு நம் ஊரில் நல்ல கட்டை இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டி விழும் மிலாறில் கைவிரல் தடிப்புள்ள கிளைகளைத் தேர்ந்து, பட்டை நீக்கி, நிழலில் நன்றாகக் காயவைத்தால் இறுக்கமான, நுண்ணிய இழை கொண்ட கட்டை கிடைக்கும். புரூஸ் லீயின் நுன்சாக்குக் கோல் 30 சென்டிமீற்றர் என்றால் உங்களுக்கு வேண்டியது 5 சென்டிமீற்றர். இப் மேன் அடித்துப் பயிலும் மரத்தூணான மரமனிதனுக்கு மூன்று கைகளும் ஒரு காலும். அதன் நடுத்தண்டை 25 சென்டிமீற்றர் உயரத்தில் செதுக்கலாம்.

அதோடு இன்னொன்று. எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17ஆம் திகதி. திரையில் சிலம்பம் சுற்றுவதை நம் மக்கள் கண்கொட்டாமல் பார்த்தது அவரால்தான். தோட்டங்களில் திருவிழாவுக்குச் சிலம்பம் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹொங்கொங் கலைஞர்களுக்கு இத்தனை உருவங்கள் இருக்கும்போது, வேட்டியை மடித்துக் கட்டிக் கம்பு பிடித்த ஒருவர் நம் அலுமாரியில் இல்லாதது எனக்கு உறுத்துகிறது. தனியாகக் கிடைக்கும் உடலொன்று, வீட்டுப் பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு துண்டு, ஒரு கம்பு ஆகியவை போதும், தொடங்கலாம். இங்கே 30 சென்டிமீற்றர் உடலே பிழையில்லை. நெற்றி உயரக் கம்பு ஏறத்தாழ 168 சென்டிமீற்றர் என்று கொண்டால் உங்களுடையது 28. தடிப்பு 5 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, போனால் உலக்கை பிடித்தது போலாகிவிடும். வேட்டித் துண்டைப் பலமுறை துவைத்து மென்மையாக்கிய பின்பே தையுங்கள். புதுத்துணி இந்தச் சிறிய அளவில் விறைத்து நிற்கும், மடிப்பு விழாது. கம்புக்கு மிலாறு பொறுக்கும்போது கணு இல்லாத நேரான துண்டாகப் பாருங்கள். காயும்போது கணுவில்தான் வெடிக்கும். இப்போதே வெட்டி வைத்தால் முன்பதிவு செய்த உருவம் வருவதற்குள் காய்ந்துவிடும்.